ஆராதனையும் திருப்பலியும்: எதை எதனோடு ஒப்பிடுவது?

1749-இல் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு நூல் வெளியானது. மெதடிஸ்தரின் பக்தி வெறியையும் 'போப்பு மார்க்கத்தாரின்' பக்தி வெறியையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே நோய்தான் என்று காட்டுவது அதன் நோக்கம். எழுதியவர் எக்ஸிட்டர் மறைமாவட்டத்தின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜார்ஜ் லாவிங்டன். அதே ஆண்டு ஜூலையில் மெதடிஸ்த இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி, டப்ளினிலிருந்து ஒரு ரோமன் கத்தோலிக்கருக்கு எழுதும் கடிதமாக ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். இரு தரப்பும் நம்புவதில் பெரும்பகுதி பொதுவானது, வேறுபாடு இருந்தாலும் பகை வேண்டாம் என்பது அதன் சாரம். ஒருவர் பழி சொல்வதற்காகவும் மற்றவர் சமாதானத்துக்காகவும் கையில் எடுத்த அந்த ஒப்பீட்டுக்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட விடை கிடைக்கவில்லை.

கேள்வி எளிமையாகத்தான் தோன்றுகிறது: மெதடிஸ்த வழிபாடு கத்தோலிக்க வழிபாட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது? கத்தோலிக்கருக்குப் பலிபீடம், மெதடிஸ்தருக்குப் பிரசங்க மேடை. அங்கே எழுதிவைத்த ஜெபம், இங்கே மனம்போல் செய்யும் ஜெபம் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் விடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஆலயங்களுக்குள்ளும் எட்டிப் பார்ப்பவருக்கு இது சரியென்றே படும். ஆனால் இந்த விடையும், இதை மறுத்து எழுந்த பல விடைகளும் ஒரு ஞாயிறு ஆராதனையை ஒரு ஞாயிறு திருப்பலியோடு நிறுத்துப் பார்க்கின்றன. அப்படி நிறுப்பது முறைதானா என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. அதை எழுப்புவதற்கு முன்னால், இதுவரை சொல்லப்பட்டவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

பழியாகத் தொடங்கியது

லாவிங்டனின் கையில் இருந்த சான்றுகள் பெரும்பாலும் சடங்கைப் பற்றியவை அல்ல. தரிசனங்கள், கண்ணீர், மயங்கி விழுதல், கடும் உபவாசம் ஆகியவற்றை அவர் பட்டியலிட்டு, அசிசி பிரான்சிசின் வாழ்க்கையிலும் லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கையிலும் இதே போன்ற செய்திகள் உண்டு என்று காட்டினார். வெஸ்லியின் பழைய வரலாறும் அவருக்குத் தோதாக இருந்தது. ஆக்ஸ்போர்டில் அவரும் தம்பி சார்ல்ஸும் நண்பர்களும் வாரந்தோறும் நற்கருணை வாங்கினார்கள், புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதெல்லாம் ரோமாபுரியின் வாடை வீசும் பழக்கங்கள். வெஸ்லி வேடமிட்ட இயேசு சபைக் குரு என்று கூட வதந்தி உலவியது.

லாவிங்டன் காலத்து வாசகர்களுக்குக் கூர்மையாகத் தைத்தது வேறொன்று. 1738 முதல் மெதடிஸ்தர் 'பேண்ட்' என்ற சிறு குழுக்களாகக் கூடினார்கள். ஒவ்வொருவரும் கடந்த கூட்டத்துக்குப் பிறகு தாம் செய்த பாவம் என்ன, எந்தச் சோதனையில் விழுந்தார், எப்படி மீண்டார் என்று மற்றவர்கள் முன் சொல்ல வேண்டும். இது பாவசங்கீர்த்தனம் இல்லாமல் வேறென்ன என்று எதிராளிகள் கேட்டார்கள். குருவிடம் தனியே அறிக்கையிடுவது வேறு, விசுவாசிகள் ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது வேறு, பின்னது யாக்கோபு நிருபத்திலேயே இருக்கிறது என்பது வெஸ்லியின் பதில். வேத ஆதாரத்தைப் பொறுத்தவரை பதில் சரிதான். ஆனால் இரண்டு நிறுவனங்களும் மனித மனத்தின் ஒரே தேவையைச் சந்தித்தன என்ற கவனிப்புக்கு அது பதிலாகாது.

லாவிங்டனின் பலவீனம் வெளிப்படை. வழிபாட்டை ஒப்பிடுவதாகத் தொடங்கி மனநிலையை ஒப்பிட்டு முடித்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து 1950-இல் கத்தோலிக்கக் குரு ரொனால்டு நாக்ஸ் இதே வழியில் இன்னும் விரிந்த படிப்போடு ஒரு நூல் எழுதி, வெஸ்லியை ஜான்சனியர், குவயட்டிஸ்ட்டுகள் போன்ற கத்தோலிக்கத்துக்குள் எழுந்த இயக்கங்களின் வரிசையில் நிறுத்தினார். அவரும் சடங்கைத் தொடவில்லை. எனினும் பழி சொன்ன லாவிங்டன் ஒன்றைச் சரியாகப் பார்த்தார்: மெதடிஸ்தரின் பக்தி வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமையில் அடங்கியதல்ல.

எதிர்த்துருவம் என்ற நூற்றாண்டு

19-ஆம் நூற்றாண்டில் காற்று திசைமாறியது. 1833-இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு இயக்கம் ஆங்கிலிக்கன் ஆலயங்களுக்குள் மெழுகுவத்தி, குருவின் அலங்கார உடை, தனிப் பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றை மீண்டும் கொண்டுவரத் தொடங்கியதும், மெதடிஸ்தர் எளிமையைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இது முன்பே நடந்திருந்தது. அங்குள்ளவர்களுக்காக வெஸ்லி 1784-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தைச் சுருக்கி அனுப்பிய வழிபாட்டு நூலில் பெரும்பகுதியை, அவர் இறந்த மறு ஆண்டே, 1792-இல், கைவிட்டார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 1912-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் ஹால் இந்த மனப்போக்குக்குக் கல்லில் எழுதிய சாட்சி. கோபுரமும் கூர்வளைவும் கொண்ட கோயிலாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே அதை ஓர் அரங்கம்போலக் கட்டினார்கள்.

இந்த நிலைப்பாட்டினருக்கு எழுத்து ஆதாரமும் உண்டு. அமெரிக்க மெதடிஸ்தரின் 25 விசுவாசப் பிரமாணங்கள், ஆங்கிலிக்கன் 39 பிரமாணங்களிலிருந்து வெஸ்லி சுருக்கிய 24-உம் அமெரிக்கர்கள் சேர்த்த ஒன்றுமாகும். அப்பமும் ரசமும் உட்பொருளில் மாறிவிடுகின்றன என்ற போதனையை அவை மறுக்கின்றன. உத்தரிக்கிற ஸ்தலம், சுரூப வணக்கம், புனிதர்களிடம் மன்றாடுதல் ஆகியவற்றையும் தள்ளுகின்றன. கத்தோலிக்கரின் ஏழு அருட்சாதனங்களில் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் மட்டும் ஏற்கின்றன. ஆனால் ஒரு நூற்றாண்டின் எதிர்வினையை அதற்கு முந்திய நூற்றாண்டின் மேல் ஏற்றிப் படிப்பது இந்த நிலைப்பாட்டின் குறை. டப்ளின் கடிதத்தில் மரியாள் கடைசிவரை கன்னியாகவே இருந்தார் என்று வெஸ்லி எழுதியதைக் கண்டால், சென்ட்ரல் ஹால் கட்டியவர்களில் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

நற்கருணை இயக்கமாகக் கண்டவர்கள்

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மூன்றாவது விடை வந்தது. பெல்ஜியம் நாட்டு பிரான்சிஸ்கன் துறவி மாக்சிமின் பியெட் 1925-இல் வெஸ்லியைப் புரொட்டஸ்டண்ட் மரபுக்குள்ளிருந்தே எழுந்த எதிர்வினையாகச் சித்திரித்தார். எர்னஸ்ட் ராட்டன்பரி 1948-இல் வெஸ்லி சகோதரர்களின் நற்கருணைப் பாடல்களை ஆராய்ந்தார். ஜான் பௌமர் 1951-இல் தொடக்கக்கால மெதடிஸ்தரின் திருவிருந்துப் பழக்கங்களைத் தொகுத்தார். மெதடிஸ்தம் பிறந்தபோது அது பிரசங்க எழுப்புதல் மட்டுமல்ல, நற்கருணை எழுப்புதலும் கூட என்பது இவர்களின் முடிவு.

சான்றுகள் கனமானவை. 1745-இல் வெஸ்லி சகோதரர்கள் திருவிருந்துக்கென்றே 166 பாடல்களை அச்சிட்டார்கள். அதன் முன்னுரை டேனியல் பிரெவின்ட் என்ற ஆங்கிலிக்கன் அறிஞரின் நூலிலிருந்து சுருக்கியெடுத்தது. திருவிருந்தைப் பலியாகக் காணும் பாடல்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. அப்பத்தின் மேலும் ரசத்தின் மேலும் பரிசுத்த ஆவியானவர் இறங்கிவர வேண்டும் என்ற மன்றாட்டும் உண்டு. அடிக்கடி திருவிருந்து வாங்குவது கிறிஸ்தவனின் கடமை என்று வெஸ்லி தனிப் பிரசங்கமே எழுதினார். அவரே சராசரியாக நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வாங்கினார் என்று அவருடைய நாட்குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதன் முழு எடை கத்தோலிக்கத் தரப்பைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நற்கருணை வாங்க வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. குறைந்தபட்சமாக விதித்தது பல நூற்றாண்டுகளுக்குப் பெரும்பாலான பொதுநிலையினரின் வழக்கமாகிவிட்டது. அவர்கள் ஞாயிறுதோறும் பூசை கண்டார்கள், உட்கொள்ளவில்லை. அடிக்கடி, இயன்றால் தினமும் வாங்கலாம் என்று பத்தாம் பயஸ் ஆணையிட்டு ஊக்குவித்தது 1905-இல். ஆக 18-ஆம் நூற்றாண்டில் வெஸ்லி அளவுக்கு அடிக்கடி நற்கருணை உட்கொண்ட கத்தோலிக்கக் குடியானவரைக் காண்பது அரிது. அங்கே பீடம், இங்கே மேடை என்ற வாய்பாடு இந்த இடத்தில் உடைகிறது.

ராட்டன்பரி மரபின் மேல் வைக்கப்படும் ஆட்சேபம், அது வெஸ்லியின் பழக்கத்தை மெதடிஸ்தரின் பழக்கமாக ஆக்கிவிடுகிறது என்பது. 1780-இல் வெளியான, 525 பாடல்கள் கொண்ட பெருந்தொகுப்பில் திருவிருந்துக்கென்று தனிப் பிரிவே கிடையாது. 1745 நூல் தனியே புழக்கத்தில் இருந்ததால் அதற்குத் தேவை இருக்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அடுத்த நூற்றாண்டில் பெருந்தொகுப்பே வாழ்ந்தது, 166 பாடல்களில் மிகச் சிலவே சபையாரின் வாயில் நிலைத்தன. ஒரு மரபு எதை அச்சிட்டது என்பதோடு எதைப் பாடாமல் விட்டது என்பதையும் சேர்த்துத்தான் அதை அளக்க வேண்டும்.

நூல்கள் நெருங்கிய காலம்

நான்காவது விடைக்குக் காரணம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தாய்மொழிக்கும், சபையார் பங்கெடுப்புக்கும், மறைநூல் வாசகங்களுக்கும் வாசலைத் திறந்தது. 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை மூன்றாண்டு வாசக அட்டவணையை வெளியிட்டது. அதைத் தழுவிப் பிற சபைகள் உருவாக்கிய பொது அட்டவணை 1983-இலும், திருத்திய வடிவம் 1992-இலும் வந்தன. அதைப் பின்பற்றும் மெதடிஸ்த ஆலயத்திலும் அடுத்த தெருவிலுள்ள கத்தோலிக்க ஆலயத்திலும் பல ஞாயிறுகளில் ஒரே நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுகிறது. திருவிருந்து ஒழுங்கிலும் இதேதான். அமெரிக்க மெதடிஸ்தர் 1972-இல் பரிசோதித்து 1989 பாட்டுப் புத்தகத்தில் சேர்த்த நன்றி மன்றாட்டையும், பிரிட்டிஷ் மெதடிஸ்தரின் 1999 வழிபாட்டு நூலையும் இன்றைய திருப்பலிப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்கிறது: வரவேற்பு உரையாடல், தூயர் பாடல், இயேசுவின் கடைசி இராவுணவு, நினைவுகூரல், ஆவியானவரை வேண்டல்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1814-இல் இலங்கையின் காலியில் கரையேறிய வெஸ்லியன் மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். அவர்களுள் ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். அந்த மரபின் தென்னிந்தியச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. (இலங்கை மெதடிஸ்த திருச்சபையும், அமெரிக்க வழிவந்த இந்திய மெதடிஸ்ட் திருச்சபையும் தனித்தே நிற்கின்றன.) 1950-இல் தென்னிந்தியத் திருச்சபை வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் போதகர் மேசைக்குப் பின்னால் நின்று சபையாரை நோக்கினார். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து, ஒருவர் கைகளுக்குள் மற்றவர் கைகளை வாங்கி, வரிசை வரிசையாகக் கடந்து போனது. ரோமாபுரி மக்களை நோக்கிய பீடத்துக்கு அனுமதி தந்தது 1964-இல். 'மெதடிஸ்தர் கத்தோலிக்கர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்' என்ற புகாருக்கு இது நல்ல மறுமொழி. சாய்ந்தது யார் என்பது ஒவ்வொரு கூறிலும் வேறுபடுகிறது. ஆவியானவரை அப்பத்தின் மேல் வேண்டும் மன்றாட்டு 1745 பாடல்களில் இருந்தது, அன்றைய ரோமன் நற்கருணை மன்றாட்டில் வெளிப்படையாக இல்லை. 1968-இல் வந்த புதிய மன்றாட்டுகளில்தான் அது தெளிவாக இடம்பெற்றது.

இரு தரப்பும் ஆதித் திருச்சபையை நோக்கித் திரும்பியதால் வழியில் சந்தித்துக்கொண்டார்கள் என்பது இந்த நிலைப்பாட்டினரின் விளக்கம். இதில் ஒரு விரிசல் இருக்கிறது. அந்தத் திரும்புதலுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது, மூன்றாம் நூற்றாண்டு ரோமாபுரியின் ஹிப்போலித்தஸ் எழுதியதாக நம்பப்பட்ட வழிபாட்டு நூல். பின்வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக பால் பிராட்ஷா, அந்த நூலின் ஆசிரியர், இடம், காலம் மூன்றையுமே ஐயத்துக்குள்ளாக்கினார்கள். அப்படியென்றால் இரு சபைகளும் சந்தித்த இடம் பழைய ரோமாபுரியா, 1960-களின் அறிஞர் அறையா? மன்றாட்டுகளின் தகுதி இதனால் குறையாது. 'ஆதிக்குத் திரும்பினோம்' என்ற வாதம் மட்டும் மெலிகிறது. கரேன் வெஸ்டர்ஃபீல்டு டக்கர் 2001-இல் எழுதிய அமெரிக்க மெதடிஸ்த வழிபாட்டு வரலாறு இன்னொரு எச்சரிக்கை தருகிறது. மெதடிஸ்தரிடத்தில் அச்சிட்ட ஒழுங்கு ஒன்று, சபையில் நடப்பது ஒன்று. கத்தோலிக்கக் குருவுக்குத் திருப்பலிப் புத்தகம் சட்டம், மெதடிஸ்த போதகருக்கு வழிபாட்டு நூல் பெரும்பாலும் ஒரு வசதி. இரண்டு நூல்கள் ஒத்துப்போவதால் இரண்டு ஞாயிறுகள் ஒத்துப்போகும் என்று கொள்ள முடியாது.

துணைக்கு வந்தது முதலாகியது

இந்த நான்கு விடைகளும் எங்கே தடுக்கி விழுகின்றன என்பதற்கு 1766-ஆம் ஆண்டு மாநாட்டுக் குறிப்பு ஒன்று வழிகாட்டுகிறது. மெதடிஸ்தரின் சொந்தக் கூட்டம் முழுமையான பொது வழிபாடு அல்ல என்று வெஸ்லி அதில் தம் பிரசங்கிகளுக்கு அழுத்திச் சொல்கிறார். பாவம் நீங்க வேண்டல், விண்ணப்பம், பிறருக்கான மன்றாட்டு, நன்றி கூறல் என்ற நான்கும் அதில் முழுதாக அமைவதில்லை, திருவிருந்தோடு அது முடிவதுமில்லை; ஆகவே ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குப் போவதன் இடத்தில் அதை வைக்கக் கூடாது. ஆலய நேரத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்பது அவருடைய பொதுவிதி. அதாவது மெதடிஸ்தக் கூட்டம் திருப்பலிக்கு நிகரான ஒன்றாகத் திட்டமிடப்படவே இல்லை. அது ஏற்கெனவே இருக்கும் நற்கருணை வழிபாட்டுக்குத் துணையாகப் பிறந்தது.

அப்படியானால் சரியான ஒப்பீடு வேறாகிறது. 18-ஆம் நூற்றாண்டு மெதடிஸ்தரின் ஊர் ஆலயத் திருவிருந்தைக் கத்தோலிக்கரின் திருப்பலியோடு வைக்க வேண்டும். மெதடிஸ்தரின் அதிகாலைப் பிரசங்கம், வகுப்புக் கூட்டம், அன்பின் விருந்து, கண்விழிப்பு ஆராதனை, உடன்படிக்கை ஆராதனை ஆகியவற்றைக் கத்தோலிக்கரின் நவநாள், செபமாலை, நற்கருணை ஆசீர், பக்த சபைகள், கொடியேற்றத் திருவிழா ஆகியவற்றோடு வைக்க வேண்டும். இப்படி அடுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே வடிவம் தெரிகிறது: குரு நடத்தும் அருட்சாதனம் நடுவில், பொதுநிலையினர் பெரிதும் உயிரூட்டும் பக்தி முயற்சிகள் சுற்றிலும்.

அன்பின் விருந்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மொரேவியன் சபையாரிடமிருந்து வந்த பழக்கம் அது. ரொட்டியோ இனிப்பில்லாத கேக்கோ துண்டு துண்டாகக் கைமாறும். இருபக்கமும் பிடியுள்ள பெரிய கோப்பையில் தண்ணீர் சுற்றிவரும். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து தேவன் தனக்குச் செய்ததைச் சொல்வார்கள், எழுந்தவர்களில் வேலைக்காரப் பெண்களும் சுரங்கக் கூலிகளும் உண்டு. வாசலில் காட்ட வேண்டியது ஒரு சிறு அச்சிட்ட சீட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அந்தச் சீட்டில் ஒரு வசனமும் உறுப்பினரின் பெயரும் இருக்கும். அதைப் பெற வகுப்பில் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். வகுப்பு முறை தோன்றியதோ 1742-இல் பிரிஸ்டலில், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்டும் ஏற்பாடாக. கடன் வசூலிக்க வீடு வீடாகப் போனவர், பன்னிரண்டு பேரின் ஆத்துமாவுக்குப் பொறுப்பாளரானார். இவற்றில் எதற்கும் குருப்பட்டம் தேவைப்படவில்லை.

வெஸ்லி 1791-இல் இறந்தார். பெரும் சச்சரவுக்குப் பின் 1795-இல் எட்டிய சமரச ஏற்பாடு, சபைப் பொறுப்பாளர்களில் பெரும்பான்மையினர் இசைந்தால் மெதடிஸ்த ஆலயங்களிலேயே திருவிருந்து நடத்தலாம் என்று அனுமதித்தது. ஊர் ஆலயத்தோடு இருந்த கயிறு மெல்ல அறுந்தது. துணைக்கு வந்த கூட்டம் ஞாயிறு காலையின் முதல் வழிபாடாக உட்கார்ந்துகொண்டது, திருவிருந்து அதன் கடைசியில் எப்போதாவது ஒட்டப்படும் பின்னிணைப்பாயிற்று. அமெரிக்காவில் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றிய குருப்பட்டம் பெற்ற போதகர் ஒரு சபைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. லெஸ்டர் ரூத் 2000-இல் காட்டியபடி, அந்தக் காலாண்டுக் கூட்டம்தான் சனி, ஞாயிறு இரு நாளும் நீளும் பெருவிழா, அன்பின் விருந்தும் திருவிருந்தும் அதன் சிகரம். மெதடிஸ்தர் 'வார்த்தையை மையமாகக் கொண்டவர்கள்' என்ற பெயர் ஓரளவுக்கு ஆள் பற்றாக்குறையால் வந்த பெயர்.

இது அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தி, குரு இல்லாத நாட்களில் மக்களைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுக்க வைத்தார். குருவின்றி நடக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கு 1988-இல் ரோமாபுரியே வழிகாட்டி நூல் வெளியிட்டது. வாசகம், மன்றாட்டு, பாடல் என்று அமையும் அந்த வழிபாட்டை ஒரு மெதடிஸ்தர் தம்முடையது என்றே நினைத்துவிடக்கூடும். வேறுபாடு ஒன்றுதான். கத்தோலிக்கர் அதைக் குறையென்று பெயரிட்டுக் குறையாகவே வைத்திருந்தார்கள். மெதடிஸ்தரிடம் அந்தப் பெயர் மறந்துபோயிற்று.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை

முதல் ஆட்சேபம் வரலாற்றைச் சார்ந்தது. லண்டன் வெஸ்ட் ஸ்ட்ரீட் ஆலயத்தில் 1743 முதலே மெதடிஸ்தருக்கென்று திருவிருந்து நடந்தது, 1784-இல் வெஸ்லியே தனி வழிபாட்டு நூல் அனுப்பினார், ஆகவே 'துணை' என்பது மிகை என்று வாதிடலாம். வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் நடத்தியவர்கள் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றவர்கள், அது விதிவிலக்கு. 1784 நூலோ இந்த வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. புரட்சிக்குப் பின் அமெரிக்காவில் சாய்ந்துகொள்ள ஊர் ஆலயம் இல்லாமற்போனதால்தான், முழுமையான ஒழுங்கையும் குருப்பட்டத்தையும் சேர்த்து அனுப்பி, கர்த்தருடைய நாள்தோறும் திருவிருந்து நடத்துங்கள் என்று அறிவுறுத்தினார். அந்த ஒழுங்கினுள் போதகர் விரும்பினால் மனதிலிருந்து ஜெபிக்க ஓர் இடமும் விட்டார். பாவமன்னிப்பு அறிவிப்பில் 'உங்களை' என்றிருந்ததை 'எங்களை' என்று மாற்றி, குருவின் அறிவிப்பைச் சபையின் ஜெபமாக்கினார். கட்டுண்ட ஒழுங்கும் கட்டற்ற ஜெபமும் எதிரிகள் என்று அவர் கருதவில்லை என்பதற்கு இந்தச் சிறு திருத்தங்களே சாட்சி.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. இருநூறு ஆண்டுகளாக அந்த ஞாயிறு ஆராதனையில் வளர்ந்தவர்கள் எதையோ இழந்துவிட்டதாக உணரவில்லை. அவர்களுக்கு அது முழு வழிபாடு. வெஸ்லியின் 1766 குறிப்பைக் கொண்டு அவர்களைக் குறைபட்டவர்கள் என்பது நியாயமா? இதில் உண்மை இருக்கிறது, அதற்குக் காரணம் பாட்டு. சார்ல்ஸ் வெஸ்லியின் ஆயிரக்கணக்கான பாடல்களில் பாவ அறிக்கையும் நன்றியும் மன்றாட்டும் விசுவாச அறிக்கையும் செறிந்திருந்தன. ஜெபப் புத்தகத்தைக் கைவிட்டவர்கள் பாட்டுப் புத்தகத்தை விடவில்லை, சபையார் மனப்பாடமாக வைத்திருந்த நிலையான பாடம் அதுவே. கத்தோலிக்கரிடம் எழுதிய ஜெபம், மெதடிஸ்தரிடம் எழுதாத ஜெபம் என்ற வேறுபாடு இங்கே பொய்க்கிறது. ஆனாலும் 1780 தொகுப்பு திருச்சபை ஆண்டின் வரிசையில் அமையவில்லை, ஒரு விசுவாசியின் ஆத்தும அனுபவத்தின் வரிசையில் அமைந்தது. பாட்டு நிரப்பிய இடம் பெரிது, நிரப்பாத இடமும் உண்டு.

மீந்த அப்பம்

போதனை வேறுபாட்டைத் தட்டிக்கழிப்பதாக இந்த வாதத்தைக் கொள்ள வேண்டியதில்லை. அது வாய்ச்சொல்லில் தெரிவதைவிட ஆராதனை முடிந்தபின் கைகளில் தெளிவாகத் தெரிகிறது. கத்தோலிக்க ஆலயத்தில் மீந்த நற்கருணை அப்பங்கள் பேழையில் வைத்துப் பூட்டப்படுகின்றன, பக்கத்தில் விளக்கு அணையாமல் எரிகிறது, கடந்து போகிறவர் முழங்காலிட்டோ தலைவணங்கியோ போகிறார். பாத்திரத்தில் ஒட்டிய துணுக்கையும் குரு தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குடிக்கிறார். திரெந்து சங்கம் 1551-இல் வரையறுத்த பொருள்மாற்றப் போதனையின் நடைமுறை இது. மெதடிஸ்தரிடம் பேழை இல்லை. மீந்ததை நோயாளிகளுக்குக் கொண்டுபோகலாம், அங்கேயே உட்கொள்ளலாம், அல்லது மண்ணுக்கே திருப்பித் தரலாம் என்று அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்த திருச்சபை 2004-இல் ஏற்ற அறிக்கை சொல்கிறது. கிறிஸ்து மெய்யாகவே வருகிறார் என்று அதே அறிக்கை உறுதிபடச் சொல்கிறது. எப்படி என்பதை வரையறுக்க மறுக்கிறது. வருகிறார் என்பதில் ஒற்றுமை, தங்குகிறார் என்பதில் வேற்றுமை என்று சொன்னால் அதிகத் தவறாகாது.

கோப்பையிலும் அப்படியே. நியூ ஜெர்சியின் வைன்லாண்டில் மெதடிஸ்தரான பல் மருத்துவர் தாமஸ் வெல்ச் 1869-இல் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பதப்படுத்தியதே திருவிருந்துக்காகத்தான். மதுவிலக்கு இயக்கத்தோடு அது பரவியது. திராட்சையிலிருந்து இயற்கையாக விளைந்த, கெடாத ரசமே வேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். இங்கே ஒரு சபை அறநெறியை முன்வைத்துப் பொருளை மாற்றியது, மற்றது பொருளை மாற்றும் அதிகாரம் தனக்கில்லை என்றது.

தீராதவை

1967 முதல் மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் நடத்திவரும் உலகளாவிய உரையாடல் ஆணையம் சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. 1999-இல் லூத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் செய்துகொண்ட, நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் உலக மெதடிஸ்த மாமன்றம் 2006-இல் சியோலில் இணைந்தது. திருவிருந்தைப் பலி என்று எந்தப் பொருளில் சொல்லலாம் என்பதில் 2011-இன் டர்பன் அறிக்கை 1745 பாடல்களின் துணையோடு கணிசமாக முன்னேறியிருக்கிறது. அந்தப் பாடல்களைப் பெரும்பாலான மெதடிஸ்தர் இன்று பாடுவதில்லை என்பதால் அந்த முன்னேற்றம் யாருடையது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

பந்திக்கு யாரை அழைப்பது என்பதிலும் இடைவெளி அப்படியே இருக்கிறது. திருவிருந்து மனந்திருப்பவும் வல்லது என்று வெஸ்லி நம்பியதால், மெதடிஸ்தர் பொதுவாகப் பிற சபையாரையும் மேசைக்கு அழைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை சில விதிவிலக்குகள் தவிர அழைப்பதில்லை. இதற்கும் அடியில் கிடப்பது குருத்துவம். பேராயராக அருட்பொழிவு பெறாத, குரு மட்டுமேயான வெஸ்லி 1784-இல் தாமே குருப்பட்டம் கொடுத்தார், தம்பி சார்ல்ஸே அதைக் கண்டு கொதித்தார். அந்தப் பட்டத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை இன்னும் ஏற்கவில்லை. பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமையை அமெரிக்க மெதடிஸ்தர் 1956-இலும், பிரிட்டிஷ் மெதடிஸ்தர் 1974-இலும் வழங்கியபின் அந்த ஏற்பு இன்னும் தள்ளிப்போயிருக்கிறது.

துணையும் முதலும் என்ற கோணத்திலிருந்து பார்த்தால் இவற்றைவிட நெருக்கமான கேள்வி ஒன்று இரு சபைகளின் முன்னாலும் நிற்கிறது. திருவிருந்து கிடைக்காமல் சபை வாடுமானால், குருப்பட்டம் பெறாதவர் ஒருவருக்கு அதை நடத்த அனுமதி தருவது பிரிட்டிஷ் மெதடிஸ்தரின் வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபை அந்த வழியை ஏற்காது. அமேசான் காடுகளில் ஆண்டுக்கு ஓரிரு முறையே திருப்பலி காணும் ஊர்களுக்காகத் திருமணமான ஆண்களைக் குருவாக்கலாம் என்று 2019 ஆயர் மாமன்றம் முன்வைத்த யோசனையை, 2020 பிப்ரவரியில் வந்த திருத்தந்தை பிரான்சிசின் மடல் கையில் எடுக்கவில்லை. நற்கருணையைக் காக்க ஒருவர் குருத்துவ விதியைத் தளர்த்துகிறார், மற்றவர் குருத்துவ விதியைக் காக்க நற்கருணையில்லா ஞாயிறைப் பொறுத்துக்கொள்கிறார். அந்த அமேசான் ஊர்களில் வாசகமும் பாட்டும் ஜெபமுமாக ஞாயிறு கழிகிறது. இன்னும் இரண்டு மூன்று தலைமுறை இப்படியே கழிந்தால், அதை இன்றுபோலவே குறையென்று அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்களா, 19-ஆம் நூற்றாண்டு மெதடிஸ்தரைப்போல அதையே முழுமையாகக் கொண்டுவிடுவார்களா என்பதை இப்போதைக்கு யாரும் சொல்ல முடியாது.